தொட்டித் தெரு முனையில் வண்டி திரும்புமா

ஐஸ் பெட்டி மூன்றாவது முறையாக நின்றபோது அப்பா சிரித்துவிட்டார்.

வாய்விட்டுச் சிரிக்கவில்லை. மூக்கு வழியாக ஒரு சின்னச் சிரிப்புதான். ஆனால் கூடம் முழுக்க ஆட்கள் இருந்தார்கள். பைபிளிலிருந்து சங்கீதம் வாசித்துக்கொண்டிருந்த ஆயர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, எந்த வசனத்தில் விட்டோம் என்று தேடினார். அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஜெரூஷாவுக்கு முகம் சுண்டிப்போனது.

"அப்பா!"

"நான் என்னம்மா பண்ணேன்? டியூப்லைட்டைப் பாரு."

டியூப்லைட் இரண்டு முனையிலும் சிவந்து, நடுவில் விட்டுவிட்டுத் துடித்தது. மின்விசிறியின் இறக்கைகளைத் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது. பெட்டிக்காரர் பிளக்கைப் பிடுங்கி, சட்டையில் துடைத்து, மறுபடி செருகினார். பெட்டி ஒருமுறை உறுமிவிட்டு அடங்கியது.

"நூத்தி எழுபதுகூட இருக்காது," என்றார் அப்பா. "இந்த வோல்டேஜ்ல கம்ப்ரஸர் எப்படி எடுக்கும்? பாத்தியா?"

கடைசி வார்த்தை ஜெரூஷாவுக்கு இல்லை. கண்ணாடி மூடிக்கு அடியில், பச்சைக் கரை போட்ட பட்டுப்புடவையில் படுத்திருந்த ரத்தினபாய் டீச்சருக்கு.

'பாத்தியா?' என்பது இந்த வீட்டில் ஆறு மாதமாகத் தினமும் கேட்கும் வார்த்தை. சாயங்காலம் ஆபீஸ் போனவர்கள் எல்லாம் வீடு திரும்பி ஏசியைப் போடுகிற நேரத்தில், சிட்லபாக்கத்தில் இந்த மாணிக்கம் நகருக்கு மட்டும் கண் மங்கிவிடும். அப்பா நாற்காலியில் இருந்தபடியே விளக்கைக் காட்டி, "பாத்தியா?" என்பார். அம்மா நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "பாக்கல," என்பாள். ஜெரூஷா மேடவாக்கத்திலிருந்து போனில் பேசிக்கொண்டிருக்கும்போதே நடுவில் இந்த இரண்டு வார்த்தைகளும் வந்துவிட்டுப் போகும். ஜெனரேட்டர் வைத்த அடுக்குமாடியில் இருந்துகொண்டு கேட்கிற அவளுக்கு அது வயதான இருவரின் பொழுதுபோக்காகத்தான் தெரிந்தது.

பொழுதுபோக்குதான், ஆனால் விஷயம் பெரிது. நகர் போட்ட காலத்தில் பிள்ளைகள் விளையாடட்டும் என்று தெருக்களுக்கு நடுவில் ஒரு மைதானம் விட்டிருந்தார்கள். இப்போது அது மாநகராட்சியின் இடம். புதிதாக ஒரு துணை மின்நிலையம் கட்ட இடம் தேடியபோது, எல்லார் கண்ணும் அதன்மேல் விழுந்தது. அகலமான இடம், யாரையும் காலி செய்யச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா வில்பிரட் மின்வாரியத்தில் உதவிப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். சப்ஸ்டேஷன் வந்தே ஆகணும் என்ற கட்சிக்கு அவர் தலைவர். அம்மா ரத்தினபாய் தாம்பரத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் விளையாட்டு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். எழுபது தாண்டியும் தெருப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு தினம் மாலை அந்த மைதானத்தில் த்ரோபால் ஆடுகிறவள். கிரவுண்டைத் தொடக்கூடாது என்ற கட்சிக்கு அவள் தலைவி. இரண்டு கட்சிக்கும் அலுவலகம் ஒரே வீடு. கேட்டின் வலது கதவில் அவர் நோட்டீஸ், இடது கதவில் அவள் நோட்டீஸ். அவருடைய கட்சிக்காரர்களுக்கும் தானே காப்பி போட வேண்டியிருக்கிறதே என்பது ஒன்றுதான் அவளுக்கு மனக்குறை.

அதில் வந்ததுதான் பந்தயம். சனிக்கிழமை காலை மைதானத்திலேயே கருத்துக் கேட்புக் கூட்டம் என்று அறிவித்திருந்தார்கள். கூட்டத்தில் யார் பக்கம் தோற்கிறதோ அவர் ஆயுசு பூராவும் சாயங்காலக் காப்பி போட வேண்டும். அப்பாவுக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. அதனால் அவர் வெறியோடு தயாராகிக்கொண்டிருந்தார்.

இன்று வியாழக்கிழமை. மாலை ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சமமாக இருந்தபோது அம்மா கடைசிப் பந்தை வலைக்கு மேல் எறிந்திருக்கிறாள். எதிர்ப்பக்கம் யாரும் பிடிக்கவில்லை. எல்லாரும் கை தட்டியிருக்கிறார்கள். சிமெண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்து, "லோகா, தண்ணி குடு," என்றிருக்கிறாள். எதிர்வீட்டு லோகநாயகி பாட்டிலைத் திறந்து நீட்டும்போது வாங்கிக்கொள்ள ஆள் இல்லை.

"ஜெயிச்சிட்டுத்தான் போனாங்க," என்று வருகிறவர்களிடமெல்லாம் லோகநாயகி சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லும்போது அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பெஞ்சில் கிடந்த அம்மாவின் கண்ணாடியையும் விசிலையும் அவள்தான் கொண்டுவந்து ஜெரூஷாவிடம் கொடுத்தாள். இரண்டும் இப்போது ஜெரூஷாவின் கைப்பையில் இருந்தன.

"ஜெனரேட்டர் சொல்லட்டுமா சார்?" என்றார் பெட்டிக்காரர்.

"வேணாம்பா. அந்தச் சத்தமும் புகையும் டீச்சருக்கு ஆகாது."

லோகநாயகி எழுந்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் செருகினாள். ஆறு மாதமாக அம்மாவோடு வீடு வீடாகப் போய், "வோல்டேஜ்லாம் நல்லாத்தான் இருக்கு, சார் சும்மா பயமுறுத்துறாரு," என்று சொன்னவள் அவள். இப்போது வாசலில் நின்று, தெரு முழுக்கக் கேட்கும்படி குரல் கொடுத்தாள்.

"எல்லாரும் ஏசியை ஆஃப் பண்ணுங்க! டீச்சருக்குக் கரெண்ட் பத்தல!"

முதலில் பக்கத்து வீட்டில் ஏசியின் முனகல் நின்றது. பிறகு எதிர்ச்சாரியில். பிறகு அடுத்த தெருவுக்கு யாரோ ஓடினார்கள். பெட்டிக்காரர் பிளக்கில் கை வைத்தபடி காத்திருந்தார். டியூப்லைட் ஒருமுறை சிமிட்டிவிட்டு முழுசாக எரிந்தது. பெட்டி உறுமியது; உறுமிக்கொண்டே இருந்தது.

மே மாதப் புழுக்கத்தில் ஏசி இல்லாமல் யார் உள்ளே இருப்பார்கள்? ஒவ்வொரு வீட்டிலிருந்தும் நாற்காலிகள் வெளியே வந்தன. ஜெரூஷா ஜன்னல் வழியாகப் பார்த்தாள். ஒருவரை ஒருவர் வாட்ஸப்பில் மட்டும் திட்டிக்கொண்டிருந்த வலது கதவுக் கட்சியும் இடது கதவுக் கட்சியும் தெருவில் ஒன்றாக உட்கார்ந்து விசிறிக்கொண்டிருந்தன. யாரோ பெரிய பாத்திரத்தில் டீ கொண்டுவந்தார்கள். டீச்சர் யார் யாரை எப்படியெல்லாம் ஓடவிட்டாள் என்று கதை ஆரம்பித்தது. சாவு வீடா, கல்யாண வீடா என்று புதிதாக வருகிறவர்கள் வாசலில் தயங்கினார்கள்.

அப்பா டீ தம்ளரோடு வெளியே வந்தார். லோகநாயகி அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

"ஒத்துக்குறேன் சார். கரெண்ட் பத்தல. சப்ஸ்டேஷன் வேணும். ஆனா கிரவுண்ட்ல வேணாம்."

"பின்ன எங்கம்மா வைக்கிறது? உங்க மொட்டை மாடியிலயா?"

"டீச்சர் சொன்ன எடத்துல. பழைய தண்ணித் தொட்டி இருந்துச்சே, அங்க. அதுவும் மாநகராட்சி எடம்தானே? முள்ளு மண்டிக் கிடக்கு."

"எடம் நல்ல எடம்தான். நான் எப்ப இல்லேன்னேன்?" அப்பா தம்ளரை நாற்காலியில் வைத்தார். "டிரான்ஸ்பார்மர் என்ன ஸ்கூட்டர்லயா வரும்? டிரெய்லர்ல வரும். இவ்ளோ நீளம். தொட்டித் தெரு முனையில அது திரும்பவே திரும்பாது. ஆறு மாசமா அவகிட்ட சொல்லிட்டேன். உன்கிட்டயும் சொல்றேன்."

தொட்டித் தெரு முனை என்றதும், மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்த பொன்னுரங்கம் தம்ளருக்குள் பார்க்க ஆரம்பித்தார். அந்த முனை வீடு அவருடையது. தண்ணீர்க் கேன் வியாபாரம். கார் ஏற்றுவதற்கு என்று சிமெண்டுச் சரிவு போட்டு, அதையொட்டி ஒரு கட்டில் போடும் அளவுக்குத் தெருவை வளைத்து இரும்புக் கம்பி வேலி கட்டி, உள்ளே முருங்கையும் செம்பருத்தியும் வளர்த்திருந்தார். அது தெருவின் இடம் என்று எல்லாருக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். சப்ஸ்டேஷன் மைதானத்துக்கே போய்விட்டால் தன் வேலியை யாரும் தொட மாட்டார்கள் என்பதால் அவர் அப்பாவின் கட்சி. அவர் மனைவி சரசு அம்மாவின் த்ரோபால் குழு. சர்க்கரை வியாதியோடு வீட்டுக்குள்ளேயே கிடந்தவளைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து ஆட வைத்தவள் அம்மாதான்.

ஆட்கள் கொஞ்சம் குறைந்ததும் ஜெரூஷா அப்பாவைத் தனியாகப் பிடித்தாள்.

"அப்பா, ஒண்ணு கேக்கணும். சனிக்கிழமை கூட்டத்துக்கு நீங்க போகாதீங்க."

"ஏம்மா?"

"நாளைக்கு அம்மாவை அடக்கம் பண்றோம். மறுநாளே போய் மைக் பிடிச்சு, அம்மாவோட கிரவுண்டை எடுத்துக்குங்கன்னு சொல்வீங்களா? என்னால தாங்க முடியாதுப்பா."

அப்பா பெட்டியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போகலேன்னா உங்கம்மா என்னைப் பத்தி என்ன நெனைப்பா? அவ செத்துட்டாங்கிறதுக்காக நான் விட்டுக் குடுத்தா அவளுக்குக் கோவம் வரும்மா. ஒரு நாள்கூட அவளுக்கு நான் விட்டுக் குடுத்து அவ ஜெயிச்சதில்ல."

"இது விளையாட்டா?"

"பின்ன?" என்றார் அப்பா. கண் கலங்கியிருந்தது, ஆனாலும் சிரித்தார். "நாப்பத்தஞ்சு வருஷமா வேற என்ன பண்ணோம்னு நெனைக்கிற?"

ஜெரூஷாவுக்கு அவரை உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ள வேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் அம்மாவின் தலைமாட்டுக்குப் போய் உட்கார்ந்தாள். அம்மா இல்லாமல் போனதற்குக்கூட அவள் அழுது முடித்துவிடலாம். அந்த மைதானத்தில் ஜல்லி கொட்டுவதை, அதுவும் அப்பா கேட்டுக் கொட்டுவதை, எப்படிப் பார்ப்பாள்?

வெள்ளிக்கிழமை மதியம் வீட்டு ஜெபம் முடிந்து அம்மாவை வண்டியில் ஏற்றினார்கள். சபையின் வண்டி அது. பழைய பஸ்ஸை மாற்றி அமைத்தது. கண்ணாடி வைத்து, பக்கவாட்டில் சிலுவை வரைந்து, ஊர்வலத்துக்கு வருகிறவர்களும் உட்காரப் பெஞ்சு போட்டிருந்தார்கள். த்ரோபால் குழுப் பெண்கள் எல்லாரும் சீருடையாக நீல நிறச் சேலையில் வந்திருந்தார்கள். பெட்டியின்மேல் மாலைகளுக்கு நடுவே பந்தை வைக்கலாமா என்று லோகநாயகி ஆயரைக் கேட்டாள். ஆயர் ஒரு கணம் யோசித்து, உருளாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

வண்டி காலையில் உள்ளே வந்தபோது இருந்த தெருமுனை, மதியம் வெளியே போகும்போது இல்லை. மழைநீர் வடிகாலுக்காக ஒரு மண்வாரி இயந்திரம் வந்து, யாரிடமும் கேட்காமல் குறுக்கே பள்ளம் தோண்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தது.

"இப்ப என்ன பண்றது?" என்றான் ஜெரூஷாவின் கணவன் பிரிட்டோ.

"கிரவுண்டைச் சுத்திக்கிட்டுத் தொட்டித் தெரு வழியா மெயின் ரோடு போகலாம்," என்றாள் லோகநாயகி. "வேற வழி இல்ல."

அப்பா முன் சீட்டிலிருந்து திரும்பிப் பார்த்தார்.

வண்டி மைதானத்தைச் சுற்றி மெதுவாகப் போனது. சிமெண்டு பெஞ்சு, வலைக்கம்பங்கள், சுண்ணாம்புக் கோடுகள் எல்லாம் ஜன்னலில் வந்து போயின. யாருடைய பிள்ளையையும் முதலில் ஒரு ரவுண்டு ஓடிட்டு வா என்று சொல்லித்தான் அம்மா விளையாட்டில் சேர்ப்பாள். பெண்கள் வண்டிக்குப் பின்னால் பாடிக்கொண்டே வந்தார்கள். ரவுண்டு முடிந்ததும் சரசு, "டீச்சர் ஒரு ரவுண்டு போயிட்டாங்க," என்றாள், பாட்டுக்கு நடுவில். நாலைந்து பேர் சிரித்துவிட்டார்கள். ஜெரூஷாவும் சிரித்தாள். பிறகு நன்றாக அழுதாள்.

தொட்டித் தெரு முனையில் வண்டி நின்றது. முன்பக்கம் திரும்பிவிட்டது, பின்பக்கம் பொன்னுரங்கத்தின் சிமெண்டுச் சரிவில் ஏறி, கம்பி வேலியை ஒட்டி நின்றுவிட்டது. டிரைவர் பின்னால் எடுத்தார். முன்னால் எடுத்தார். ஆளாளுக்கு வழி சொன்னார்கள். ஒடி என்றார் ஒருவர். ஒடிக்காதே என்றார் இன்னொருவர். எதிர்வீட்டு மதிலில் உரசும் என்று மூன்றாமவர் கத்தினார். பாடகர் குழுவுக்குச் சரணங்கள் தீர்ந்துபோய் அதே பாட்டை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள்.

"தோள்ல தூக்கிட்டுப் போயிடலாமே," என்றார் ஆயர். "மெயின் ரோடு கிட்டத்தானே?"

ஜெரூஷா அப்பாவைப் பார்த்தாள். அவர் எப்போதோ இறங்கியிருந்தார். தெருவின் நடுவில், ஒரு காலின் குதிகாலோடு மறுகாலின் விரலை ஒட்டி ஒட்டி வைத்து நடந்துகொண்டிருந்தார். வேலி வரைக்கும் போனார். வேலிக்கு அந்தப் பக்கம், வீட்டின் உண்மையான மதில் எங்கே இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். மறுபடி திரும்பி நடந்தார். உதடுகள் அசைந்தன.

"பாவம், மூளை கலங்கிப்போச்சு போல," என்று யாரோ பின்னால் சொன்னார்கள்.

கலங்கவில்லை. ஜெரூஷா அந்த முகத்தைப் பல வருடங்களாகப் பார்த்திருக்கிறாள். கணக்குச் சரியாக வந்துவிட்டால், அதுவும் தனக்கு எதிராக வந்துவிட்டால், அவர் முகம் இப்படித்தான் ஆகும்.

பொன்னுரங்கம் வேலியைப் பிடித்தபடி நின்றிருந்தார்.

"இன்னா சார், நிக்கிது?"

"உங்க சரிவும் வேலியும் இடிக்குது பொன்னுரங்கம்."

"இத்த எடுத்தா திரும்பிடுமா?"

"திரும்பிடும்."

பொன்னுரங்கம் முருங்கையைப் பார்த்தார். வண்டியைப் பார்த்தார். அவர் ஒன்றும் விவரம் தெரியாதவர் இல்லை.

"இந்த வண்டி திரும்பிச்சுன்னா, நாளைக்கு உங்க டிரெய்லரும் திரும்பும்ல?"

அப்பா மறுபடி வேலியைப் பார்த்தார். பாட்டு மட்டும் கேட்டது. அவர் நினைத்தால், அது வேற, இது வேற என்று சொல்லிவிடலாம். இந்தத் தெருவில் அதை மறுத்துப் பேச யாருக்கும் படிப்பு இல்லை. தோளில் தூக்கிக்கொண்டு போயிருந்தால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

"திரும்பும்," என்றார் அப்பா. "நான் வேலியோட சேத்து அளந்துட்டேன். அவ வேலி இல்லாம அளந்திருக்கா."

"அப்போ டீச்சர் ஜெயிச்சிருவாங்களே சார்."

"ஆமா."

"உங்களுக்குப் பரவால்லியா?"

"எனக்கு எங்க பரவாயில்ல? ஆயுசு பூரா காப்பி போடணும்."

சரசு ஊர்வலத்திலிருந்து விலகி வந்து புருஷனுக்கு எதிரே நின்றாள். நீலச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரையே பார்த்தாள்.

"இன்னாத்துக்குடி அப்படிப் பாக்குற? நான் மாட்டேன்னா சொன்னேன்?" பொன்னுரங்கம் வேட்டியை மடித்துக் கட்டினார். "டீச்சர் வண்டி என் வூட்டாண்ட வந்து நின்னுகினு கீதுன்னா நாளைக்கு ஊரு இன்னா பேசும்? போ, போய் அந்தக் கடப்பாரைய எட்த்தா."

கடப்பாரை வந்தது. பொன்னுரங்கம் அதை ஓங்குவதற்குள் அப்பா கையை நீட்டினார்.

"மொத அடி நான் போடுறேன்."

வெள்ளைச் சட்டை, சட்டையில் கறுப்புப் பட்டை, எழுபத்தெட்டு வயது. கடப்பாரையை அவரால் முழங்காலுக்கு மேல் தூக்க முடியவில்லை. அப்படியே நழுவவிட்டார். சிமெண்டில் காசளவு பெயர்ந்தது. ஆனால் தெருவே கை தட்டியது. பிறகு பொன்னுரங்கமும் பிரிட்டோவும் நீலச் சேலைகளும் சேர்ந்துகொண்டார்கள். கம்பி வேலி தூக்கியதும் வந்துவிட்டது. அதன் கால்கள் எப்போதோ துருப்பிடித்துப் போயிருந்தன. செம்பருத்தியை வேரோடு பிடுங்கி சரசு ஒரு தண்ணீர்க் கேனில் வைத்தாள். சாய்த்த முருங்கையின் காய்களை யாரோ பறித்து வண்டியின் பெஞ்சில் பத்திரப்படுத்தினார்கள். பாட்டு நிற்கவேயில்லை.

"இப்ப எடுங்க," என்றார் அப்பா டிரைவரிடம்.

உடனே மறுபடி ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். டிரைவர் எந்தக் கையைப் பார்ப்பது என்று தெரியாமல் ஸ்டியரிங்கை விட்டுவிட்டார். ஜெரூஷாவின் கை தானாகக் கைப்பைக்குள் போனது. கண்ணாடிக்கூட்டுக்கு அடியில் விசில் அகப்பட்டது. வாயில் வைத்து ஊதினாள்.

தெரு அப்படியே அடங்கியது. நீலச் சேலைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் ஓரமாக ஒதுங்கி வரிசையில் நின்றன. பாதிப் பேருக்குத் தாங்கள் வரிசையில் நிற்பதே தெரியவில்லை.

அப்பா மகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு டிரைவருக்குக் கை காட்டினார். "வலது முழுசா ஒடிங்க. வரலாம், வரலாம், வரலாம்..." அவர் கை நிமிரும்போதெல்லாம் ஜெரூஷா ஊதினாள். வண்டியின் பின்பக்கம், வேலி இருந்த இடத்தின் மேலாக, மெதுவாக, எங்கேயும் உரசாமல் வந்து, தெருவுக்கு நேராக நின்றது. பெட்டியின்மேல் பந்து கொஞ்சம்கூட உருளவில்லை.

சனிக்கிழமை காலை, சாவு வீட்டில் போட்டிருந்த ஷாமியானாவும் நாற்காலிகளும் மைதானத்துக்குப் போயின. இரண்டுக்கும் வாடகைக்காரர் ஒருவர்தான். மின்வாரியத்திலிருந்து ஒரு பெண் பொறியாளரும் மாநகராட்சியிலிருந்து இருவரும் வந்திருந்தார்கள். அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்தார். ஜெரூஷா பக்கத்தில் உட்கார்ந்தாள். நேற்று முனையில் அவர் சொன்னது நேற்றோடு போய்விடுமோ என்ற பயம் அவளுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தது. மைக் பிடித்தால் ஆளே மாறிவிடுகிறவர் அவர்.

முதல் பெயராக அவரைத்தான் கூப்பிட்டார்கள்.

"சப்ஸ்டேஷன் கண்டிப்பா வேணும்," என்று ஆரம்பித்தார் அப்பா. "வியாழக்கெழமை சாயங்காலம் என் வீட்ல ஐஸ் பெட்டி மூணு தடவை நின்னுச்சு. தெருவே ஏசியை நிறுத்தித்தான் என் மனைவியை வச்சிருந்தோம். அதனால அதுல பேச்சே இல்ல." வலது கதவுக் கட்சி கை தட்டியது. அப்பா கையமர்த்தினார். "ஆனா கிரவுண்ட்ல வேணாம். தொட்டி இருந்த எடத்துல வைக்கலாம். அந்த முனையில பெரிய வண்டி திரும்பாதுன்னு நான் எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன். தப்பு. திரும்பும். நானே பாத்தேன்."

பொறியாளர் நிமிர்ந்தாள். "எந்த வண்டி சார் திரும்புச்சு?"

"என் மனைவி போன வண்டிம்மா."

பின்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். பொறியாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள்.

"வாங்க சார், போய்ப் பாக்கலாம்."

கூட்டமே கிளம்பிவிட்டது. ஷாமியானாவுக்கு அடியில் நாற்காலிகள் மட்டும் இருந்தன. முனையில் பொன்னுரங்கம், வேலியைத் தானே யோசித்து எடுத்தவர் போல, மார்பை நிமிர்த்திக்கொண்டு நின்றார். பொறியாளர் டேப் வைத்து அளந்தாள். அப்பா டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டார். டிரெய்லருக்கு இந்த மூலையைக் கொஞ்சம் வளைவாக வெட்ட வேண்டியிருக்கும், ஆனால் முடியும், இந்த இடத்தையே பரிந்துரைத்து எழுதுகிறேன் என்றாள் அவள். லோகநாயகி அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டாள். கருத்துக் கேட்புக்கு வந்த அந்தப் பெண்ணுக்கு இதை எங்கே குறித்துக்கொள்வது என்று தெரியவில்லை.

அன்று மாலை மைதானத்தில் ஆட்டம் நடந்தது. சாவு விழுந்த மூன்றாம் நாள் ஆடலாமா என்று யாரும் கேட்கவில்லை. ஆடாவிட்டால் டீச்சர் திட்டுவாள் என்பது எல்லாருக்கும் தெரியும். ஆள் குறைகிறது என்று சரசு வந்து ஜெரூஷாவை இழுத்துக்கொண்டு போனாள். ஜெரூஷா பிடிக்க வேண்டிய பந்துகளையெல்லாம் விட்டாள். வீட்டுக்கு வரும்போது உடம்பு முழுக்க மண். அம்மாவின் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள். அம்மா இனி இதில் உட்கார மாட்டாள். ஆனாலும் ரொம்ப நாளைக்குப் பிறகு அவளுக்கு நன்றாகப் பசித்தது.

சமையலறையில் அப்பா டப்பாக்களைத் திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

"காப்பிப்பொடி எதுலம்மா இருக்கு?"

"நான் வரேன்ப்பா."

"நீ வராத. எதுலன்னு மட்டும் சொல்லு."

சொன்னாள். ஃபில்டர் கீழே விழுந்தது. பால் ஒருமுறை பொங்கி அடுப்பில் வழிந்தது. கருகிய வாசனை கூடம் வரைக்கும் வந்தது. தெருவில் ஒவ்வொரு வீடாக ஏசி ஓட ஆரம்பித்தது. ஜெரூஷாவின் தலைக்கு மேல் டியூப்லைட் இரண்டு முனையிலும் சிவந்து, துடித்து, மங்கியது.

"பாத்தியா?" என்றது சமையலறைக் குரல், பழக்கத்தில்.

ஜெரூஷா மேலே பார்க்கவில்லை. முழங்காலில் ஒட்டியிருந்த மண்ணைத் தட்டிவிட்டாள்.

"பாக்கல," என்றாள்.

உள்ளே டபராவில் காப்பி ஆற்றும் சத்தம் ஒரு கணம் நின்றது. பிறகு மறுபடி கேட்டது, இந்த முறை கொஞ்சம் உயரத்திலிருந்து.